முதுகு தெரிய நட வேண்டும்

ஜன்னல் கண்ணாடியை நானே துடைத்துவிட்டு வந்தேன். என் வீட்டுக்காரருக்கு நன்றாகத் தெரிய வேண்டும். வேலைக்கு வருகிற ரெஜினா அவரைத் தூக்கி நாற்காலியில் சாய்த்து, முன்பக்கம் சரிந்துவிடாமல் என் பழைய சேலையால் இடுப்பைச் சுற்றி ஒரு கட்டுப் போட்டு, கம்பளியைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, "ஐயாவ எந்தப் பக்கம் திருப்பட்டும்மா, டிவி பக்கமா?" என்றாள். தோட்டத்துப் பக்கம் என்றேன். இன்றைக்கு ஐரிஸ் பூச்செடியைப் பிரித்து நடப் போகிறேன், பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கும்பிடாத குறை. "ஐயாவுக்கு உசுரே அதுதானேம்மா. நீங்க நெனச்சுப் பாத்து செய்றீங்க பாருங்க." நினைத்துப் பார்த்துத்தான் செய்கிறேன் ரெஜினா. மே மாதத்திலிருந்து வேறு எதையும் நினைக்கவில்லை. மழை விட வேண்டும், வெயில் வர வேண்டும், அவர் நாற்காலியில் உட்காரும் அளவுக்கு முதுகில் தெம்பு வர வேண்டும் என்று ஒவ்வொன்றுக்காகவும் காத்திருந்து இன்றைக்குத்தான் எல்லாம் கூடிவந்திருக்கிறது. பக்கவாதம் அவருடைய வலது பக்கத்தையும் வாயையும் கொண்டுபோய்விட்டது. பேச்சு வராது, ஆனால் எல்லாம் புரியும், அவர் முன்னால் பார்த்துப் பேசுங்கள் என்று டாக்டர் சொன்னார். அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு வேண்டியிருந்தது. கண் தெரியும், காது கேட்கும், புரியும், வாய் மட்டும் திறக்காது. என்ன அருமையான நோய். கல்யாணமாகி வந்த நாள் முதலாக நான் இந்த வீட்டில் எப்படி இருந்தேனோ அப்படி இனி அவரும் கொஞ்ச நாள் இருந்து பார்க்கட்டும்.

பாத்தி ஜன்னலுக்கு நேர் எதிரே, சரிவில், தெற்கு பார்த்து இருக்கிறது. வீட்டுக்கு அஸ்திவாரம் போடுவதற்கு முன்னால் அந்தப் பாத்திக்கு இடம் குறித்தவர் அவர். மண்ணைக் கிளறுகிற நான்கு பல் இரும்பு முள்ளை ஊன்றி மிதித்தேன். மண் விட்டுக்கொடுத்தது. ஐரிஸ் கிழங்கு ஆழம் போகாது, இஞ்சி மாதிரி மண்ணுக்கு மேலேயே படுத்துக்கொண்டு ஊரும். பிரிக்காமல் விட்ட வருஷங்களில் ஒன்றன் முதுகில் ஒன்று ஏறி, நடுவில் வழுக்கை விழுந்து, ஓரத்தில் மட்டும் பச்சை நிற்கிறது. இலை கத்தி மாதிரி, சாம்பல் பூத்த பச்சை. இந்தச் செடி பேர் வாபாஷ். பேரைப் பார். அமெரிக்காவில் ஓடுகிற ஒரு ஆற்றின் பேராம். வருகிற ஆளை எல்லாம் இந்தப் பாத்தி முன்னால் நிறுத்தி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் சொல்வார். "ஆயிரத்தித் தொள்ளாயிரத்து முப்பத்தாறுல வந்த ரகமுங்க. இப்ப வர்றதெல்லாம் ஓரத்துல சுருக்கம் வெச்சு, பாவாடையாட்ட இருக்குது. இதுதானுங்க பூவு." மேலே நிமிர்ந்த மூன்று இதழும் வெள்ளை. கீழே தொங்கும் மூன்றும் கரு ஊதா, ஓரத்தில் மட்டும் வெள்ளை நூல் ஓட்டின மாதிரி. தொண்டையில் மஞ்சள் தாடி. தண்டு என் இடுப்புக்கு மேல் வளரும். அழகுதான். அழகில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். அவர் டீ ஃபேக்டரியில் டீ மேக்கராக இருந்தபோது எஸ்டேட்டில் வெள்ளைக்காரன் காலத்து பங்களாவை இடித்தார்கள். ஆளாளுக்கு அங்கிருந்து தேக்குக் கதவையும் பீங்கான் தொட்டியையும் எடுத்துப் போனார்கள். இவர் ஈரச் சாக்கில் சுற்றி ஒரு கிழங்கை எடுத்து வந்தார். அதோடு கூட ஒரு தகரத் துண்டு, அதில் பேர். நான் அப்போது கல்யாணமாகி வந்த புதிது. என்னை இப்படி இரண்டு கையாலும் ஏந்தியிருக்கிறாரா என்று யோசித்தேன். அப்போது வேடிக்கையாகத்தான் யோசித்தேன்.

திரும்பிப் பார்த்தேன். கண்ணாடியில் மேகம் தெரிந்தது, மேகத்துக்குப் பின்னால் அவர் உருவம் கொஞ்சம். முகம் தெரியவில்லை. பரவாயில்லை, என்னை அவருக்குத் தெரியும். பாருங்கள் சென்னியப்பன், நன்றாகப் பாருங்கள். புரட்டாசியில் மழை ஓய்ந்து, ஐப்பசி மழை தொடங்குவதற்குள் வருகிற இந்தக் கொஞ்ச நாள் வெயிலில்தான் பிரிக்க வேண்டும் என்று கண்டுபிடித்தவர் நீங்கள்தானே. புத்தகத்தில் ஜூலை என்று போட்டிருக்கிறான், அவன் ஊருக்கு அது சரி, ஊட்டியில் ஜூலையில் கிழங்கை வெட்டினால் வெட்டின வாய் ஆறாது, அழுகிப்போகும் என்பீர்கள். இந்த மலையில் மண் புளிப்பு, சுண்ணாம்பு போட வேண்டும். தண்ணீர் நிற்கக் கூடாது, மணலும் செங்கல் பொடியும் கலந்து மேடு கட்ட வேண்டும். சாணி எருவை அண்டவிடக் கூடாது, எரு பட்டால் கிழங்குக்குள் அழுகல் புகுந்து நாற்றமெடுத்துவிடும். மழைக்காலத்தில் மேலே கூரை வேண்டும். கூரை. அதை நினைத்தால் எனக்கு இன்னும் கழுத்தில் சொட்டுகிறது. சமையலறை ஒழுகிக்கொண்டிருந்தது, அடுப்புக்கு மேலேயே. குடை பிடித்துக்கொண்டு தோசை சுட்டிருக்கிறேன் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். அவர் ஒரு நாள் வேனில் புதுத் தகரம் கொண்டுவந்து இறக்கினார். நான் ஓடிப்போய் அடுப்பு மேலிருந்த டப்பாக்களையெல்லாம் எடுத்து ஒதுக்கி வைத்தேன், ஆள் மேலே ஏறட்டும் என்று. அந்தத் தகரம் பாத்திக்குப் போனது. "ஏ நாச்சி, ஒழுகற எடத்துல ஒரு குண்டாவ வெய்யி. அதுக்கென்ன இப்ப?" நான் வைத்தேன். குண்டாவில் சொட்டு விழுகிற சத்தத்தை அந்த மழைக்காலம் முழுக்கக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். அவருக்கு நல்ல தூக்கம்.

புதரை மொத்தமாகப் பெயர்த்துப் புரட்டிப்போட்டேன். மண்ணை உதறினால் வேர்கள் வெள்ளைப் புழு மாதிரி தொங்கின. பச்சைக் கிழங்கின் வாசனை, நறுக்கின உருளைக்கிழங்கு வாசனைதான். காய்ந்தால் வேறு வாசனை வரும், பவுடர் வாசனை, வெளிநாட்டில் அதைத்தான் சென்ட்டில் போடுகிறார்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். சொல்லியிருக்கிறார், சொல்லியிருக்கிறார். என் தலைக்குள் என்னுடையது என்று ஏதாவது இருக்கிறதா? கத்தியை எடுத்து ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன். பார், இதுவும் அவர் பழக்கியதுதான். ஒரு கிழங்கை வெட்டினால் அடுத்ததை வெட்டுவதற்குள் துடைக்க வேண்டும். கொல்லப் போகிற செடிக்குக் கத்தியைத் துடைக்கிறேன், கோழியை அறுப்பதற்கு முன்னால் தண்ணீர் காட்டுகிற மாதிரி. இலையை விசிறி போல் சாய்வாக, ஒரு சாண் விட்டு நறுக்கினேன். நடுவில் இருக்கிற பூத்த கிழங்கைத் தனியே வெட்டிப் போட்டேன். ஒரு தடவை பூத்த கிழங்கு மறுபடி பூக்காது. பக்கத்தில் முளைத்திருக்கிற குட்டிகளைப் பிரித்து எடுத்துக்கொண்டு தாயை எறிந்துவிட வேண்டும். இதை அவர் சொல்லும்போது குரலில் ஒரு சந்தோஷம் வரும். "தாட்சண்யமே பாக்கக் கூடாதுங்க. தூக்கி எறிஞ்சரோணும்." வந்திருந்த ஃபேக்டரிக்காரர் ஒருத்தர் பேச்சுவாக்கில், உங்களுக்குக் குழந்தைகள் எத்தனை சார் என்று கேட்டார். நான் காப்பித் தட்டோடு நிற்கிறேன். அவர் பாத்தியைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "சிலது பூக்காதுங்க. எலையாவே இருந்துரும்." வந்தவருக்கு எதைச் சொல்கிறார் என்று புரியவில்லை. எனக்குப் புரிந்தது. காப்பியில் சர்க்கரை போதுமா என்று கேட்டேன். அந்தத் தட்டை அவர் மண்டையில் போட்டிருக்கலாம். ஏன் போடவில்லை? சூடான காப்பி, இரண்டு டம்ளர், போட்டிருக்கலாம்.

ஆலங்கட்டி மழையைப் பற்றி இப்போது நினைக்க மாட்டேன். வேலையைப் பார்க்கலாம். இந்தக் கிழங்கில் ஒரு ஓரம் கொளகொளவென்று இருக்கிறது, சுரண்டி எடுத்துவிட வேண்டும், வெள்ளை தெரிகிறவரை. எதற்குச் சுரண்ட வேண்டும், அழுகத்தானே போகிறது, அப்படியே இருக்கட்டும். இருந்தாலும் கை சுரண்டுகிறது. ஏப்ரலில் வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருக்கும், திடீரென்று இருட்டும், கூரைமேல் யாரோ கல்லை வாரி இறைத்த மாதிரி விழும். நினைக்க மாட்டேன் என்றேனே. முதல் வருஷப் பூ அது, தண்டில் இரண்டு மொட்டு விரிந்து மூன்றாவது நிறம் காட்டிக்கொண்டிருந்தது, மே மாதப் பூக்காட்சிக்கு எல்லாம் கணக்காக வந்திருந்தது. எனக்கு நாலாம் மாதம். "ஏ நாச்சி, வா வா, தகரத்த அந்தப் பக்கம் புடி." பிடித்தேன். ஒரு முனை அவர் கையில், ஒரு முனை என் கையில், நடுவில் பூ. தலையில் விழுகிறது, தோளில் விழுகிறது, கையில் தோல் உரிகிறது. சரிவில் பனிக்கட்டி உருண்டு ஓடுகிறது. காலுக்குக் கீழே ஒன்று நழுவியது, போய்விட்டேன். மல்லாக்க. என் முனையை விட்டுவிட்டேன். அவர் விடவில்லை. எட்டி என் முனையையும் சேர்த்துப் பிடித்து, பூவின் மேல் வளைத்து நின்றார். நான் கீழே கிடந்து கை நீட்டினேன். "ஒரு நிமிசம் இரு, நிக்கப் போவுது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் ஆறவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அன்றே மன்னித்திருப்பேன். பால்காரன் வந்திருக்கும்போது உள்ளேயிருந்து கூப்பிட்டால் சொல்வோமே, அந்த மாதிரி சொன்னார். மழை நின்ற பிறகு தூக்கினார். ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார், இல்லை என்று சொல்ல மாட்டேன். பிள்ளை தங்கவில்லை. பூ தங்கியது. அதற்கு வெள்ளிக் கோப்பை கொடுத்தார்கள். நான் படுத்திருந்த கட்டிலுக்கு அதைக் கொண்டுவந்து காட்டி, "உம்பட கைதானே தகரம் புடிச்சுது, உனக்கும் பாதி" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். சிரித்திருப்பேன்.

போகட்டும். இந்த மே மாதத்தில் நான் கொஞ்சம் வசூல் செய்துகொண்டேன். ஏப்ரல் முடிவில் அவர் குளியலறையில் விழுந்தார், ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்து படுத்த வாரம், இந்தப் பாத்தி எப்போதும் இல்லாத மாதிரி பூத்தது. ஒரு தண்டு பாக்கி இல்லை. ரோட்டில் போகிறவர்கள் வேலிக்கு வெளியே நின்று போனில் படம் எடுத்தார்கள். கட்டிலிலிருந்து அவருக்கு ஜன்னல் தெரியாது. மறுநாளிலிருந்து நான் தினமும் காலையில் ரெஜினா வருவதற்கு முன்னால் போய், விரிந்ததையெல்லாம் அடியோடு வெட்டி, குப்பைக் குழியில் போட்டு, மேலே வெங்காயத் தோலைக் கொட்டினேன். உள்ளே வந்து அவர் காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏனுங்க, இந்த வருசம் ஒண்ணுகூட பூக்கலீங்க. எல்லாம் எலையா நிக்குது" என்றேன். இலையாக நிற்கிறது என்பதை இரண்டு தடவை சொன்னேன். அவருடைய வலது கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது. புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு ஒரு பசி எடுத்தது பாருங்கள், எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு எனக்கென்று முருங்கைக்காய் சாம்பார் வைத்து, அப்பளம் பொரித்து, தட்டு நிறையச் சாப்பிட்டேன். பிறகு தினமும் ஏதாவது சொல்வேன். அழுகல் வந்திருக்கிறது என்பேன். எலி கடித்துவிட்டது என்பேன். ஒவ்வொன்றுக்கும் அந்தக் கண் ஒழுகும். பாவம் என்று தோன்றாமல் இல்லை. தோன்றும், தோன்றிய உடனே ஒரு நிமிசம் இரு என்ற குரலும் கேட்கும், பாவம் ஓடிவிடும். நான் கெட்டவள்தான். இத்தனை வருஷம் நல்லவள் என்று பேர் வாங்கி என்னத்தைக் கண்டேன். சமையலறை இன்னும் ஒழுகுகிறது.

கத்தி பிடித்த கை மரத்துப்போகிறது. இடது கையும் கொஞ்ச நாளாக அப்படித்தான், விரல் நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி. அவருக்கும் இப்படித்தான் தொடங்கியதா? கேட்டிருக்க வேண்டும். கேட்கிற வழக்கம் எங்களுக்குள் கிடையாது. இங்கேயே இந்தச் சரிவில் நான் விழுந்தால்? ரெஜினா பின்கட்டில் துணி துவைக்கிறாள், குழாய்ச் சத்தத்தில் அவளுக்குக் கேட்காது. அவர் பார்த்துக்கொண்டிருப்பார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சேலைக் கட்டுக்குள், நான் கையை நீட்டுவதைப் பார்த்துக்கொண்டு, கூப்பிட வாயில்லாமல். இந்தத் தடவை ஒரு நிமிசம் இரு என்று சொல்லக்கூட அவருக்கு முடியாது. சிரிப்பு வந்தது. அவர் போய்விட்டால் நான் யாரைத் திட்டிக்கொண்டு காலையில் எழுந்திருப்பேன்? நானோ அவரோ சாவதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும். அவருக்கு நினைவு இருக்கும்போதே. ஆமாம், வேலையைப் பார்ப்போம், வெயில் மலைக்கு அந்தப் பக்கம் சாய்ந்துவிடும், பிறகு அவருக்குத் தெரியாமல் போய்விடும்.

எருக்கூடையை இழுத்துக்கொண்டு வந்தேன். மாட்டுக்காரனிடம் சொல்லிவைத்து நேற்று வாங்கியது, ஈரச் சாணி, ஆவி பறக்காத குறை. பாத்தியின் நடுவில் குழி வெட்டினேன், முழங்கை புதைகிற ஆழத்துக்கு. அவருக்குப் புரிந்திருக்கும் இப்போது. நெஞ்சு அடித்துக்கொள்ளும். குழியே கூடாது என்பார் அவர். மண்ணைக் குன்று மாதிரி குவிக்க வேண்டும், குன்றின் மேல் கிழங்கை உட்காரவைத்து வேர்களை இரண்டு பக்கமும் கால் போட்ட மாதிரி இறக்க வேண்டும், வேருக்கு மட்டும் மண், கிழங்குக்கு வெயில். குட்டையில் எருமை படுத்திருந்தால் முதுகு தெரியுமே, அப்படி முதுகு தெரிய வேண்டும். முதுகு தெரிய நட வேண்டும், முதுகு தெரிய நட வேண்டும். எத்தனை தடவை கத்தியிருப்பார். இந்த மலையில் உருளைக்கிழங்கு போட்டுப் பழகின கைகள் எல்லாம் அன்பாக மண்ணை அணைத்துவிடும், அணைத்தால் செத்தது. அவரிடம் கிழங்கு வாங்கிப்போன அத்தனை பேரும் அப்படித்தான் கொன்றார்கள். வாபாஷ் இப்போது இந்தப் பக்கத்தில் எங்கேயும் கிடையாது, இந்தப் பாத்தியோடு சரி. முதல் கிழங்கை எடுத்தேன். வைத்தேன். மண்ணைத் தள்ளினேன். பார்த்தால், சின்னதாகக் குன்று கட்டி, வேரை இரண்டு பக்கமும் பிரித்துவிட்டு, முதுகை ஜன்னல் பக்கம், வெயிலுக்குக் காட்டி, அச்சு அசலாக அவர் நடுகிற மாதிரி நட்டிருக்கிறேன். நான் எங்கே நட்டேன், கை நட்டது. அந்தக் கையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. நகத்துக்குள் மண், முட்டியில் வீக்கம், அவருடைய கை அது, என் தோளில் தைத்துவிட்டிருக்கிறார்கள். கிழங்கைப் பிடித்துப் பிடுங்கினேன். தலைகீழாகக் குழிக்குள் எறிந்தேன். ஒவ்வொன்றாக எறிந்தேன். விசிறியாக வெட்டின இலைகளோடு, மண் உதறின வேர்களோடு, எல்லாம். மேலே சாணியைக் கொட்டினேன். சாணிக்கு மேல் மண். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் மிதித்தேன், கெட்டியாக, வீட்டுத் தரையை இறுக்குகிற மாதிரி. இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் இறங்காமல் நின்றது. நிற்கட்டும். ஒவ்வொரு மிதிக்கும் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தேன், கத்த முடியாமல் தொண்டை நரம்பு புடைக்கும், இடது கையால் நாற்காலியை அடிப்பார், சேலைக் கட்டை அறுப்பார் என்று. கண்ணாடியில் மேகம் போய்க்கொண்டிருந்தது. இப்படித்தான் இருக்கும், சென்னியப்பன். நம் கண்ணெதிரே போகும், நாம் கை நீட்டிக்கொண்டிருப்போம்.

ஜன்னல் கதவு திறந்தது. ரெஜினா தலையை நீட்டினாள், கையில் சோப்பு நுரை. "அம்மா, இங்க வந்து பாருங்களேன். ஐயா சிரிக்கிறாரு." அழுகிறார் என்றுதான் என் காதில் ஏற்கெனவே தயாராக இருந்தது, அவள் சொன்னது உள்ளே போக நேரமாயிற்று. எருக்கூடைக்கு அடியில் ஒரே ஒரு குட்டிக் கிழங்கு சிக்கிக் கிடந்தது, அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னல் கிட்டே போனேன். சிரிக்கத்தான் செய்தார். வாயின் இடது பாதி மேலே போயிருந்தது. கேலிச் சிரிப்பு என்று நினைத்தேன், எங்கேயோ எனக்குத் தெரியாமல் ஒரு கிழங்கை ஒளித்து வைத்திருக்கிறாரோ என்று ஒரு நொடி குலைநடுங்கிப் போனேன். "பாத்தீங்களா?" என்றேன். "எல்லாத்தையும் பொதச்சுட்டனுங்க. ஆழமா. சாணி போட்டு. பத்தே நாள்ல அழுகீரும். இனி வாபாஷ் கெடையாது." ரெஜினா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். சந்தோஷமாக ஆட்டினார். இடது கையால் கம்பளியைத் தட்டினார், நான் மண்ணை இறுக்கின மாதிரியே, மெதுவாக, இன்னும் கொஞ்சம் போடு என்கிற மாதிரி. "அழுகீருமுங்க" என்றேன் மறுபடியும். தலையை ஆட்டினார். அந்த வலது கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது, சிரித்துக்கொண்டிருக்கும்போதே. "அழுவுறாரு பாரு" என்றேன் ரெஜினாவிடம். அவள் தன் முழங்கையால் அதைத் துடைத்துவிட்டாள். "அது அழுகை இல்லம்மா. அந்தக் கண்ணு மூட மாட்டேங்குதுல்ல, எப்பவும் ஒழுகிட்டேதான் இருக்கும். முந்தா நாள் என்னயப் பாத்து இப்படித்தான் சிரிச்சாரு. என்னய யாருன்னு நெனச்சாரோ. மறந்துட்டு வர்றாரும்மா, நான் சொல்ல வேண்டாம்னு இருந்தேன்."

ஒரு பூகூட பூக்கவில்லை என்றேனே, யாரிடம் சொன்னேன்? எலி கடித்துவிட்டது என்று தினமும் காதில் ஓதினேனே, அந்தக் காதுக்குப் பின்னால் யார் இருந்தார்கள்? எப்போதிருந்து இல்லை? மே மாதமே இல்லையா, இல்லை, நேற்றுதான் போனாரா? நான் வெட்டிப்போட்ட அத்தனை பூவும், இந்தக் குழியும், எல்லாம் வெறும் ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டினதா? இவர் தப்பித்துவிட்டார். எனக்கு ஒன்றும் கொடுக்காமல், ஒரு கணக்கும் தீர்க்காமல், சிரித்துக்கொண்டே போய்விட்டார். அந்த ஆலங்கட்டி மழை இப்போது என் ஒருத்தி தலையில் மட்டும் பெய்துகொண்டிருக்கிறது. விடமாட்டேன். ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு அவர் கம்பளியைப் பிடித்து உலுக்கினேன். "இங்க பாருங்க. இது என்ன? சொல்லுங்க. வாபாஷ். ஆத்தோட பேரு. சாணி ஆகாது இதுக்கு. ஆழம் ஆகாது. முதுகு தெரிய நடோணும். நீங்க சொன்னதுதானுங்க. தப்பா நட்டுட்டேன், திட்டுங்க. ஏண்டி நாசமாப் போனவளேன்னு கேளுங்க. ஒரே ஒரு தடவ திட்டுங்க." ரெஜினா "அம்மா, அம்மா" என்று என் கையைப் பிடித்தாள். நான் கிழங்கை அவர் முகத்துக்கு நேரே, மூக்கில் இடிக்கிற மாதிரி நீட்டினேன். அவர் அதை உற்றுப் பார்த்தார். என்னைப் பார்த்தார். யாரோ நல்ல அம்மாள் என்று நினைத்திருப்பார், பார்வையில் அவ்வளவு மரியாதை. பிறகு, ஊட்டிவிடத்தான் வந்திருக்கிறேன் என்று எண்ணி, கழுத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, வாயைத் திறந்தார்.